நஞ்சம்மாள் எடுத்து வைக்கச் சொன்ன சாமான்கள்

அரண்மனைக்கு வைரம் பொறுக்குகிற ராணிகளெல்லாம் ஒரு மாதம் தர்மபுரிக்கு வந்து நஞ்சம்மாளிடம் தொழில் பழகிக்கொண்டு போகலாம். ஒரு சாமானை இவளைப்போலப் புரட்ட, முகர, தட்ட, காதில் வைத்துக் கேட்க, கடைசியில் வாங்காமல் இறங்கிப்போக, ஈரேழு உலகத்திலும் இன்னொரு பிறவி இனிமேல்தான் பிறந்து வரவேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமையும் பச்சியப்பன் கடையில் ஒரு மர டப்பியை மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது எந்தூர்ல செஞ்சதுங்க?"

"நம்மூருதான் நஞ்சம்மா. சத்தியமா."

"யாரு செஞ்சது?"

"ஆசாரி."

"பேரில்லாத ஆசாரிங்களா?" என்றவள் மூடியின் விளிம்பை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினாள். மஞ்சள் அரக்கு ஒரு துளி நகத்தோடு வந்தது. "மைசூர்ப் பக்கத்துச் சென்னபட்டணத்துச் சாமானு. நம்மூரு ஆசாரி கையில இவ்ளோ மினுக்கு ஏதுங்க? எடுத்து அந்தாண்ட வைங்க."

பச்சியப்பன் எடுத்து அந்தாண்டை வைத்தார். ஒகேனக்கல் பார்க்கப் போகிற சேலத்துக்காரர்கள் அதே டப்பியைத் தர்மபுரி ஞாபகார்த்தம் என்று நம்பி, பெண்சாதிக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்களுக்கு மூக்கு இல்லை. இவளுக்கு இருக்கிறது. அதுதான் அவருக்குச் சங்கடம்.

நஞ்சம்மாள் புளி மண்டியில் கொட்டை எடுக்கிறவள். பத்து விரலும் கறுத்து, நுனி வெடித்திருக்கும். நல்ல சாமான் என்று மனசுக்குப் பட்டுவிட்டால் விரலால் தொடமாட்டாள். கறை பட்டுவிடும் என்று புறங்கையால் தடவிப் பார்ப்பாள். அவள் புறங்கையைத் திருப்பினாலே கடைக்காரருக்குத் தெரியும், இந்தச் சாமானுக்கு இனி தன் கடையில் ஆயுள் கெட்டி என்று. ஏனென்றால் அடுத்து அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"எடுத்து வைங்க. போற ஆளு கெடைச்சா வந்து வாங்கிக்கிறேன்."

போவது மலேயாவுக்கு. அங்கே ரப்பர் தோட்டத்தில் அவளுடைய ஒரே பிள்ளை மாது இருக்கிறான். பத்தொன்பது வயதில் ஒரு கங்காணியோடு மொரப்பூரில் ரயிலேறினவன். ஏழு வருஷம் ஆகிறது. அங்கே சண்டை மூளுகிறதற்குக் கொஞ்சம் முன்னால் அவனிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. இங்கே சீப்பு முதல் செருப்பு வரைக்கும் சீனாக்காரன் சாமான்தான் ஆத்தா, நம்ம பக்கத்தில் செய்தது ஏதாவது இருந்தால் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பு, கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான். நஞ்சம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மண்டிக் கணக்குப்பிள்ளை படித்துச் சொன்னார். நாலு தரம் படிக்கச் சொன்னாள்.

ஆள் ஒருவன் போகவும் போனான். கம்பைநல்லூர்க்காரன், அந்தக் கார்த்திகையில் கப்பலேறினவன். நஞ்சம்மாள் அவனை வழியனுப்பப் போகவில்லை. கொடுத்தனுப்ப அவளிடம் எதுவும் இல்லை. மூன்று வாரம் கடைகடையாக ஏறி இறங்கியும் ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லை. சீப்பில் பல் கோணல், கத்தியில் கைப்பிடி ஆட்டம், கூடையில் விளிம்பு பிசிறு. ஆகாத சாமானைப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதா, அடுத்த ஆள் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அடுத்த ஆள் போவதற்குள் ஜப்பான்காரன் மலேயாவுக்குள் இறங்கிவிட்டான். கப்பல் நின்றது. காகிதம் நின்றது.

அதிலிருந்துதான் இந்த வெள்ளிக்கிழமை வேட்டை. இப்போது கோணல் இல்லாத சீப்பு கிடைக்கிறது. ஆடாத கத்தி கிடைக்கிறது. பச்சியப்பன் கடையில் ஒரு பலகைத் தட்டு முழுக்க இவள் எடுத்து வைக்கச் சொன்னவை. எருமைக் கொம்புச் சீப்பு, பென்னாகரத்துக் கொல்லன் அடித்த பேனாக்கத்தி, வத்தல்மலைக்காரர்கள் முடைந்த மூங்கில் கூடை, ஒரு கல்சட்டி, ஒரு பம்பரம்.

"இருபத்தாறு வயசு ஆம்பளைக்குப் பம்பரமா நஞ்சம்மா?"

"போகையில பத்தொம்பதுதானுங்களே."

மறுநாள் அந்தத் தட்டைத் துடைத்தபோது பச்சியப்பன் பம்பரத்துக்கு ஒரு புதுச் சாட்டைக் கயிறு சுற்றி வைத்தார். கேட்டால் எலி கடிக்காமல் இருக்க என்பார்.

எதிர்ச்சாரியில் வெங்கடாசலம் கம்பளிக் கடை. அங்கே அவள் எடுத்து வைக்கச் சொன்னது ஒரு கருப்புக் கம்பளி. குறும்பர் தறியில் நெய்தது, வாசலில் நின்றாலே ஆட்டு வாசம் அடிக்கும்.

"மலேயாவுல வேர்த்து ஊத்துதாம். இதப் போத்திக்கிட்டா உம்மவன் வெந்துருவான்."

"மழ விடாம பெய்யுதாமில்ல? நனைஞ்சாலும் நம்மூரு ஆட்டு வாசம் வருமுங்க."

வெங்கடாசலம் கொஞ்சம் நியாயம் பேசுகிற மனுஷர். ஒருநாள் மெள்ள ஆரம்பித்தார். "அன்னசாகரத்துல ஒருத்தி, அவ பையனும் அங்கதான். போன மாசம் கருமாதி பண்ணி முடிச்சுட்டா. நீயும் ஒரு முடிவு பண்ணும்மா. எத்தன நாளைக்கு?"

"எப்படிங்க முடிக்கறது? சாமானு எடுத்து வெச்சிருக்குதே."

"அதத்தான் வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போன்னு சொல்றேன்."

நஞ்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கடையில இருந்தா அது போற சாமானுங்க. வூட்டுக்கு வந்துட்டா நின்னுபோன சாமானு."

கடையிலிருந்து ஒரு சாமானும் அவள் வாங்காததற்குக் காரணம் இவ்வளவுதான். கஞ்சத்தனம் என்று மண்டியில் சிரித்தார்கள். வீட்டில் தனியாக இருக்கிறவளுக்கு அந்தச் சீப்பையும் கத்தியையும் தினம் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இருக்க முடியாது என்பது சிரித்தவர்களுக்குத் தெரியவில்லை.

பங்குனியில் அந்த ஏற்பாட்டில் இடி விழுந்தது. பட்டாளத்துக்குக் கம்பளி கொள்முதல் என்று ஒரு கண்டிராக்டர் வந்து, கடையில் இருப்பதையெல்லாம் எண்ணிக் கட்டிவிட்டார். சனிக்கிழமை வண்டி வரும். எடுத்து வைத்தது, ஒதுக்கி வைத்தது என்று எந்தப் பேச்சும் எடுபடவில்லை.

"காசு குடுத்து வாங்கிக்கிட்டா உன்னுது. இல்லாட்டி நாளைக்கு வண்டியில ஏத்திருவாங்க. என் கையில ஒண்ணுமில்ல நஞ்சம்மா" என்றார் வெங்கடாசலம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு எந்தக் கடைக்கும் போகவில்லை. எதையும் முகரவில்லை. வெயில் படியேறி, அவள் முழங்காலுக்கு வந்து, மாரில் ஏறியது. நகரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் மாது நின்றுபோவான். விட்டுவிட்டுப் போனால் யாரோ ஒரு பட்டாளத்தான் அதைப் போர்த்திக்கொள்வான். இரண்டில் எதைச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் இதை எழுதுகிறவன் வந்து சேர்ந்தான். எட்டாம் வகுப்பைப் பாதியில் உதறிவிட்டு, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவன். போன வருஷம் இதே வெங்கடாசலத்தின் கடைப் பலகையைக் கழற்றிவிட்டு, பல் வைத்தியர் பலகையை மாட்டி வைத்த புண்ணியவான். கம்பளிக்கடையில் இரண்டு பேர் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள். பொய் சொல்ல அவனுக்கு யோசனை தேவையில்லை, மூச்சு இருந்தால் போதும்.

"பெரியம்மா, நாகப்பட்டணத்துல கப்பலு வுடறாங்க. தெரியாதா?"

அவள் தலையைத் தூக்கினாள். "ஏது கப்பலு?"

"மருந்துக் கப்பலு. செஞ்சிலுவைச் சங்கத்தோடது. சண்டைக்காரங்க அதச் சுட மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு அதுல போறாரு. நாளைக்குக் காலையில மொரப்பூர்ல ரயிலேறறாரு. சாமான நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"மலேயாவுக்கா?"

"பின்ன, மாரண்டஹள்ளிக்கா?"

நஞ்சம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கடாசலம் கல்லாவுக்குள் எதையோ தேடுகிறமாதிரி குனிந்துகொண்டார். பிறகு அவள் எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், எழுந்தபிறகு நடக்கவில்லை, ஓடினாள்.

அன்று சாயங்காலம் கடைவீதியில் ஒரு கல்யாணமே நடந்தது. மூன்று வருஷமாக எடுத்து வைத்ததெல்லாம் தட்டிலிருந்து இறங்கியது. கூடையின் ஒரு பிரி விட்டிருப்பதைக் கண்டுபிடித்து வேறு கூடை கேட்டாள். கல்சட்டியைச் சுண்டிப் பார்த்தாள். பச்சியப்பன் டிக்கெட்காரனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவன் கண்ணைச் சிமிட்டினான். அவர் திரும்பிக்கொண்டு, சீப்பைத் தன் வேட்டி முனையால் இரண்டாந்தரம் துடைத்தார். அவள் பேரம் பேசின ஒவ்வொன்றுக்கும் அன்று ஒத்துக்கொண்டார்.

டிக்கெட்காரனின் திட்டம் சின்னது. மூட்டையைத் தன் வீட்டுப் பரணில், உடைந்த குதிருக்குப் பின்னால் போட்டுவிடுவது. சண்டை முடிகிற வரைக்கும் இவள் நிம்மதியாகப் புளி தட்டட்டும். பிறகு நடப்பது பிறகு. இதுவரை எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறான், அதில் ஒருவருக்கும் நல்லது நடந்ததில்லை. இந்த ஒன்றாவது கணக்கில் ஏறட்டும் என்று நினைத்தான்.

கம்பளியை விரித்து, நடுவில் எல்லாவற்றையும் அடுக்கி, நாலு முனையையும் சேர்த்து அவளே முடிச்சுப் போட்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தாள். கல்சட்டி கனத்தது. அவன் மூட்டையைத் தோளுக்கு ஏற்றினான்.

"கவலைய வுடுங்க பெரியம்மா. ஜோரா போய்ச் சேந்துரும். நான் வரட்டுங்களா?"

"வா சாமி."

பத்தடி போயிருப்பான்.

"தம்பி."

திரும்பினான்.

"விலாசம் கேக்கலியே நீ?"

பஸ்ஸுக்குக் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். புகை இரண்டு பேருக்கும் நடுவே போயிற்று. மூச்சு இருந்தால் பொய் வரும் என்று இருந்தவனுக்கு அப்போது மூச்சு இருந்தது, வேறொன்றும் வரவில்லை. புகை விலகினபோது அவள் எதிரில் வந்து நின்றிருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தான். அவள் மூட்டைக்குக் கீழே கை கொடுத்தாள். இரண்டு பேருமாக அதைத் தரையில் இறக்கினார்கள்.

முந்தானையை உருவிச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"வூட்டுக்கே எடுத்துக்கிட்டுப் போறேன். தனியா ஏத்த முடியாது. தூக்கி வுடு" என்று சொல்லி, அவனுக்கு எதிரே தலையைத் தாழ்த்தி நின்றாள்.