பீரோ சாவி

எட்டு வீட்டுச் சாவிகள் என் தையல் மெஷினுக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில், வரிசையாக ஆணியில் தொங்கின. நானாகக் கேட்டு வாங்கியது ஒன்றுகூட இல்லை. சாரம் பகுதியில் எங்கள் தெருவில் நாள் முழுக்க வீட்டில் கிடப்பவள், பிளவுஸ் தைக்கிற நான் ஒருத்திதான். வேலைக்குப் போகிற பெண்கள் ஸ்கூட்டரை நிறுத்தாமலே, "அக்கா, சிலிண்டர் வரும், வாங்கி வச்சிடு", "அக்கா, தண்ணி வந்தா மோட்டார் போட்டுடு" என்று சாவியை ஜன்னல் வழியாக வீசிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் பெருமை. பொய் சொல்வானேன், திமிரே இருந்தது. மாதா கோயில் பூசைக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்காருகிறவர்களை யார் நம்பிச் சாவி கொடுத்தார்கள் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன்.

முதல் ஆணி எதிர்வீட்டுக்காரியுடையது. கிராமத்தில் விவசாயக் குடும்பம், அவளும் புருஷனும் இங்கே டவுனில் வேலை. பன்னிரண்டு வருஷமாக அவள் சாவி என்னிடம்தான் இருந்தது. ஊர்த் திருவிழாவுக்கு நாலு நாள் போய்விட்டு வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, என் ரெட்டைவடச் சங்கிலியக் காணம்க்கா."

"ஐயையோ! நல்லா தேடுனியா?"

"வூடு பூரா தேடிட்டேன்." அவள் கண் ஆணி வரிசைக்குப் போனது. "சாவி உன்கிட்டதான இருந்துச்சு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு தடவ உள்ள போனேன். மோட்டார் போட்டேன், தொட்டி ரொம்புச்சு, நிறுத்திட்டு வந்துட்டேன். உன் சங்கிலிய நான் கண்ணாலயும் பாக்கல" என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் கோடிவீட்டுப் பொம்பளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை தெருமுனை அம்மன் கோயிலுக்கு வந்து நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டுமாம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அடித்தால் அடித்தவர் குடும்பம் விளங்காது, பிள்ளைகளைத்தான் முதலில் தாக்கும் என்பார்கள். எங்கள் தெருவில் எந்த வழக்கும் அதோடு தீர்ந்துவிடும். போலீசுக்குப் போக மாட்டார்கள்.

"நீங்க வேதக்காரங்க, எங்க கோயிலுக்கு வரக்கூடாதுன்னா, தோ, உங்க மாதா முன்னாடியே பண்ணிடுக்கா" என்றாள்.

"மாட்டேன். எடுக்கலன்னு சொல்லிட்டேன். அது பத்தலன்னா உன் சாவிய எடுத்துக்கினு போ."

"மடியில கனமில்லன்னா வழியில எதுக்கு பயம்?" என்று கோடிவீட்டுக்காரி சுவரைப் பார்த்துச் சொன்னாள். இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் சும்மா விட மாட்டேன்.

ஆணையிடவே கூடாது என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. கேட்டவர்களிடம் எல்லாம் அதைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மைக் காரணம் வீம்பு. பன்னிரண்டு வருஷம் அவள் வீட்டைத் திறந்து மூடியிருக்கிறேன், அவள் பிரசவத்துக்குப் போனபோது அவள் வீட்டுத் துளசிக்கு நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். என் வார்த்தைக்குக் கற்பூரம் வந்து ஜாமீன் நிற்க வேண்டுமா?

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பண்ணிட்டுத்தான் வந்துடேன், என்னா கெட்டுடப் போவுது?" என்றார்.

"நீங்க என்ன நம்புறீங்களா, இல்லியா?"

"ச்சீ, என்னா கேள்வி இது" என்று டீயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கேட்டதற்குப் பதில் அது இல்லை என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. மடச்சி.

ஒரு வாரத்தில் எட்டு ஆணியும் காலி. ஒருத்திக்கு நாத்தனார் வந்து தங்குகிறாளாம். ஒருத்தி பூட்டையே மாற்றிவிட்டாளாம். ஒருத்தி தைக்கக் கொடுத்த துணியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, "அவசரம் இல்லக்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிரித்தாள். வெட்டி முடித்த துணி அது! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்த வெற்று ஆணிகளைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை முட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று வீட்டுக்காரர் பூசைக்கு வரவில்லை. தனியாகப் போனேன். 'ஒருவருக்கொருவர் சமாதானம் செய்துகொள்ளுங்கள்' என்று சாமியார் சொன்னபோது பக்கத்தில் இருந்தவள் கைகூப்ப என் பக்கமே திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தால், எனக்காகக் காப்பி போட்டு பிளாஸ்கில் வைத்திருந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அடுப்புப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. உருகிப் போனேன். புடவையை மாற்றப் பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவைகள் எல்லாம் மூன்றாக மடித்து இருந்தன. நான் நான்காகத்தான் மடிப்பேன். மனம் இருக்கிற நிலையில் நானே மாற்றி வைத்திருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உள்ளங்கையில் கொப்புளத்தோடு வந்தார். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்துவிட்டாராம். நான்தான் மருந்து தடவினேன். அதற்கப்புறம் தெரு கொஞ்சம் அடங்கியது. எதிர்வீட்டுக்காரி முறைப்பதை நிறுத்தினாள், ஒன்றிரண்டு பேர் பிளவுஸ் கொண்டுவந்தார்கள். ஆண்டவர் என் பக்கம் பேசிவிட்டார் என்று மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். அந்த மெழுகுவத்தியை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

மூன்று மாதம் கழித்துச் சங்கிலி கிடைத்தது. அவள் வீட்டிலேயே, அவள் புருஷனின் பட்டு வேட்டி மடிப்புக்குள். திருடனுக்குப் பயந்து அவளே ஒளித்து வைத்துவிட்டு மறந்திருக்கிறாள். ஒரு கல்யாணத்துக்குப் போக வேட்டியை உதறும்போது விழுந்திருக்கிறது. ஒரு கையில் ஆப்பிள், ஒரு கையில் சாவி என்று வந்து நின்றாள்.

"மன்னிச்சிடுக்கா. என் புத்திய செருப்பால அடிக்கணும்."

"அடிச்சிக்கோ. செருப்பு வாசல்லதான கெடக்கு."

அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சத்தியமா சொல்றேன்க்கா, அண்ணன் வந்து கற்பூரம் அடிச்சாரே, அன்னிக்கே என் மனசு மாறிப்போச்சு" என்றாள்.

"எந்த அண்ணன்?"

"உன் வூட்டுக்காரருதான்! உனக்குத் தெரியாதா? கை கொப்புளிச்சிப் போச்சேக்கா. 'நானே வூடு பூரா தேடிப் பாத்துட்டேன், பீரோவுலேர்ந்து தையல் பொட்டி வரைக்கும் பாத்துட்டேன், இல்ல. அதான் தைரியமா அடிக்கிறேன்'னாரு. அந்த மாதிரி மனுஷன் யாருக்குக் கெடைப்பாரு?"

ஆப்பிளையும் சாவியையும் அவள் கையிலேயே திணித்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவளை என்ன சொல்ல? அவள் எதிர்வீட்டுக்காரி. பன்னிரண்டு வருஷப் பழக்கம். இவர் இருபத்தாறு வருஷம்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன். மறைக்கவில்லை.

"தேடிப் பாக்காம எப்பிடிடி அடிக்கிறது? பொய் சத்தியமா ஆயிட்டா நம்ம பொண்ணுக்கு இல்ல ஆவும்? அவ மாசமா இருந்த நேரம் அது."

"நா எடுக்கலன்னு உங்ககிட்ட சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. உனக்காகத்தான கையச் சுட்டுக்கினேன்? அதுக்கு இந்தப் பேச்சா?"

ஞானஸ்நானம் வாங்கிய மனுஷன். அம்மன் கோயில் கற்பூரம் பொய் சொல்லாது என்று நம்பினார். நான் சொல்ல மாட்டேன் என்று நம்பவில்லை. தெருவே என்னைத் திருடி என்றபோது வராத வலி அப்போது வந்தது.

சாவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாங்க மாட்டேன் என்றுவிட்டேன். ஆணிகளையும் பிடுங்கிப் போட்டேன். இப்போது நானும் அவரும் ஒரே பூசைக்குப் போவதில்லை. அவர் முதல் பூசைக்குப் போய் வருவார், நான் இரண்டாவதற்குக் கிளம்புவேன். கிளம்பும்போது பீரோவைப் பூட்டி, சாவியை அவர் உள்ளங்கையில், அந்தத் தழும்பின் மேலேயே வைப்பேன்.

"நா வர ஒன்றர மணி நேரம் ஆவும். நிதானமா தேடுங்க."

"இன்னும் எத்தினி நாளைக்குடி?" என்று கேட்பார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன்.

திரும்பி வரும்போது சாவி அவர் கையிலேயே இருக்கும். காப்பியும் இருக்கும். நான் காப்பியைத் தொடாமல் முதலில் பீரோவைத் திறந்து, புடவைகள் நான்காக மடித்தபடி இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். இதுவரை ஒரு மடிப்புகூட மாறியதில்லை. ஆனாலும் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.