எது அதிகமாக அழவைக்கும்

அம்மா இறந்து ஒரு மாதமாகியும் எனக்கு அழுகை வரவில்லை. சர்ச்சுக்குப் போனால், "ஒரு தடவ அழுதுருங்க டீச்சர்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எரிச்சலாக இருந்தது. எழுபதுகளின் கடைசி, அடைமழைக் காலம். நான் வேலை பார்த்த மிஷன் பள்ளியின் நூலகத்தில் பழைய ஆங்கில எழுத்தாளர் ஒருவரின் சோக நாவல்கள் மூன்று இருந்தன. எதையும் நான் படித்ததில்லை. எதை முதலில் படித்தால் அழுகை வரும்? புரட்டிப் பார்த்தேன். இரண்டு புதுசு போல இருந்தன. மூன்றாவதன் பக்கங்கள் நனைந்து காய்ந்து நெளிந்திருந்தன. அதையே எடுத்தேன்.

"இதப் படிச்சு ரொம்பப் பேரு அழுதிருக்காங்க போல" என்றேன் நூலகரிடம்.

"அழுததெல்லாம் இல்லைங்க டீச்சர். இத மட்டுந்தான் வாங்கிட்டுப் போறாங்க, மழையில நனைச்சுக் கொண்டாராங்க. நீங்களாச்சும் பத்திரமா வச்சிருந்து வெரசா குடுங்க."

நாயுடுபுரம் வீட்டில் நான்கு நாளில் படித்து முடித்தேன். அதில் மூன்று பேர் செத்தார்கள், ஒருத்தி தாய். புத்தகத்தை மூடிவிட்டு அரிசி களைந்தேன்.

மறுநாள் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போய்க் கொடுத்தேன். நூலகர் பக்கங்களைத் தடவிப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"நீங்க ஒருத்தங்கதான் டீச்சர், ஒரு சொட்டு ஈரம் படாமக் கொண்டாந்திருக்கீங்க."