மாறாத தவணை

புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கான வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை ஆளுக்கொன்று கிடைக்கும். பாளையங்கோட்டையில் எல்லாக் கிறிஸ்தவ வீட்டிலும் அது நேரே வேதாகமத்துக்குள் போகும். தேவதாசன் வீட்டில் மட்டும் அதற்குமுன் பின்பக்கத்தில் ஓர் எண் எழுதப்படும்: வீட்டுக்கடன் தீர இன்னும் எத்தனை மாதம். இருநூற்று நாற்பதில் தொடங்கி, வருடத்துக்குப் பன்னிரண்டு கழித்து அவர் எழுதுவதை மனைவி ஜெபகனி பக்கத்தில் நின்று பார்ப்பாள். அறுபது வயதில் தனியார் பள்ளியில் எழுத்தர் வேலை முடியும். கடனும் அத்தோடு முடியும். பென்ஷன் இல்லாத மனிதருக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான்.

நடுவில் வட்டி ஏழு சதவீதத்திலிருந்து ஒன்பதேகாலுக்கு ஏறியது. தவணையைக் கூட்டவா என்று கடன் கொடுத்த கம்பெனி கேட்டது. முப்பத்தைந்தாயிரம் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை தசமபாகம் என்று ஜெபகனி முதலிலேயே சபைக்கு ஒரு கவரில் எடுத்து வைத்துவிடுவாள். பிறகு பதினைந்தாயிரத்து ஐந்நூறு தவணை. மிச்சத்தில்தான் சாப்பாடும் மற்றதும். தவணை அப்படியே இருக்கட்டும் என்று தேவதாசன் கையெழுத்துப் போட்டார். கூட வேலை பார்க்கும் அப்பாத்துரை தன் கடனுக்குக் கூட்டிக் கட்டியபோது, "வெவரமில்லாத ஆளா இருக்கீரே வே" என்று தேவதாசன் கேலி வேறு செய்தார். பத்துப் பேருக்கு வருமானவரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற மனிதர், தன் கணக்கில் கோட்டைவிட்டார்.

இந்த டிசம்பரில் வரிக்கணக்குக்காக வட்டிச் சான்று வாங்கப் போனார். கம்பெனி அலுவலகத்தில் ஃபெபி என்ற பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். நான்கு வருடத்தில் கட்டியது ஏழு லட்சத்து நாற்பதாயிரம். இருபது லட்சம் அசலில் குறைந்தது ஒரு லட்சம்கூட இல்லை.

"இன்னும் முப்பத்திரண்டு வருசம் காட்டுது சார்."

"தவணை ஏறவே இல்லியேம்மா."

"அதனாலதான் சார். வட்டி ஏறிட்டு, தவணை ஏறல. அப்ப மாசந்தான நீளும்." அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "மாசம் பத்தொன்பதாயிரம் கட்டுனா பழைய தேதியிலயே முடிஞ்சிரும்."

இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு வேண்டும். அந்தப் பணம் எந்தக் கவரில் இருக்கிறது என்று தேவதாசனுக்கு உடனே தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டார். இப்போது வயது நாற்பத்து நான்கு; எழுபத்தாறு வயதில் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று நினைத்தபோது வெட்கம் போய்ப் பயம் வந்தது. அன்று டவுன் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தார். வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

புத்தாண்டுக் காலையில் ஆராதனை முடிந்து வந்ததும், ஜெபகனி ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக் கவரில் போட்டாள். பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"எழுதுங்க, இன்னும் எத்தன மாசம்?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"ஆண்டவருக்குள்ளத மொதல்ல குடுத்தோம்," என்றாள் அவள், கவரை ஒட்டிக்கொண்டே. "அப்பாத்துரை அண்ணன் வீட்டுல எல்லாம் தவணை ஏறிச்சு. நமக்கு ஏறலியே, பாத்தீங்களா?"

தேவதாசன் அட்டையைத் திருப்பி, எப்போதும்போலப் பன்னிரண்டு கழித்து, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினார். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"கொறஞ்சிட்டே வருதுல்லா," என்று சொல்லி அதை வேதாகமத்துக்குள் வைத்தாள்.