பாகவதருக்கு வந்த பார்சல்

அமலோற்பவம் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தபோது, இறந்துபோன கணவரின் கைப்பேசி கிணுக்கென்றது.

பெர்னார்ட் போனதுமே அந்த லைனை வெட்டிவிடலாம் என்றான் மகன் எல்வின். அவள் கேட்கவில்லை. யாரும் கூப்பிடாத எண்ணுக்குக் காசு கட்டி ரீலோட் போட்டு, சார்ஜ் ஏற்றி, அரிசி டின் மேல் வைத்திருந்தாள். கடைசியில் அவனே அதற்கு ஒரு வேலை கொடுத்தான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் கூலாய் ஊர்க்காரர்களுக்கு இரவுச் சாப்பாடு அனுப்பும் ஆப் ஒன்றைத் தொடங்கியிருந்தான். அதன் வாடிக்கையாளர்களுக்கு நடுவே பொய்யாய் ஓர் ஆளைச் சேர்த்தான். எண் அப்பாவுடையது. பெயர் பாகவதர்.

மாதா கோயில் பாட்டுக்குழுவில் சுருதி சேராமலே பாடிய மனிதரை, வீட்டுக்குள் அவள் ஒருத்திதான் அப்படிக் கேலி செய்வாள்.

"இந்தப் பேரைச் சொல்லி ஏதாச்சும் வந்துச்சுன்னா, நம்ம ஆளுங்க விவரத்தை எவனோ திருடிட்டான்னு அர்த்தம்மா. உடனே சொல்லிடணும். அவனுக்குத் தெரிஞ்சுபோனப்புறம் பொறி வைக்க இந்த நம்பர் உதவாது," என்றிருந்தான் எல்வின்.

மீன் ஒட்டிய விரலோடு திறந்து பார்த்தாள். 'என்சிக் பாகவதர், உங்கள் பார்சல் காத்திருக்கிறது. இங்கே அமுக்கி முகவரியை உறுதிசெய்யுங்கள்.'

முதலில் சிரிப்புத்தான் வந்தது, 'என்சிக்' என்று மலாய் மரியாதை வேறு. அந்தப் பெயரை வேறொருவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொன்னால் இந்த லைன் போய்விடும்; அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கைப்பேசியை டின் மேலேயே வைத்துவிட்டு இன்னும் நாலு மீன் கிள்ளினாள். யார் வீடு எங்கே, எத்தனை மணிவரை பூட்டிக் கிடக்கும், எல்லாம் அந்த ஆப்பில் இருக்கிறது. எழுந்து கையைக் கழுவினாள்.

"டேய், உங்கப்பாவுக்குப் பார்சல் வந்திருக்கு."

கூடத்தில் கணினி முன்னால் இருந்த எல்வின் சிரித்தபடி வாங்கினான். பார்த்ததும் முகம் செத்துவிட்டது. "அலமாக்!"

கொஞ்ச நேரம் தட்டித் தேடினான். "நம்ம பாஸ்வேர்ட் போட்டே உள்ள வந்திருக்கான்மா. ஆர்டருக்குச் சமைக்கிற ஆன்டிங்க எல்லாருக்கும் ஒண்ணுதான், மாதா திருநாள் தேதி. மறந்துடுவாங்கன்னு கோயில் வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வச்சேன்."

"நல்லா வச்சே. வீட்டைப் பூட்டி சாவியைப் பீடத்துல வச்ச மாதிரி."

பாஸ்வேர்டை மாற்றினான். வாடிக்கையாளர்களுக்குச் சேதி எழுத ஆரம்பித்தான். அவள் பின்னாலேயே நின்றாள்.

"'தப்பு எங்களோடது'ன்னு மொதல்ல போடுலா. அப்புறம் மத்ததைச் சொல்லு."

அப்படியே போட்டு அனுப்பினான். நாற்காலியில் சாய்ந்தான்.

"நல்லவேளை, சீக்கிரம் தெரிஞ்சுச்சு. நீங்க மட்டும் சொல்லலைன்னா..." கைப்பேசியை அவளிடம் நீட்டினான். குரல் தணிந்தது. "அம்மா, இனிமே வேற நம்பர்தான் வைக்கணும். அப்பா லைனை வெட்டிடலாமா?"

திரையில் ஒட்டியிருந்த மீன் செதிலை நைட்டி ஓரத்தால் துடைத்தாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், பழையபடி அரிசி டின் மேல் வைத்தாள்.