கறுப்புத் தொட்டியும் பூண்டு வாடையும்

பொடுகு ஷாம்பு புட்டியில் ‘செலினியம் சல்ஃபைடு’ என்று அச்சிட்டிருந்தால், நான் இப்போதிருக்கும் அயல்நாட்டின் கடையில் என் கை இன்றும் பின்வாங்கிவிடும். தலையில் தேய்த்துக் கழுவுவதால் தீங்கில்லை என்று தெரியும். ஆனாலும் அம்பத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த வேம்புலியின் கை நினைவுக்கு வரும்.

எண்பத்தெட்டாம் வருஷம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சிறு பட்டறையில் அவருக்கு வேலை. எஃகு போல்ட்டுகளைத் தொட்டி மருந்தில் முக்கினால் துருப்பிடிக்காத கறுப்பு ஏறும். மழைக்குளிரில் கறுப்பு சீக்கிரம் பிடிக்காது என்று தொட்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்தார்கள். ஆவியில் முகத்தைக் கொடுத்து, வெறுங்கையால் போல்ட்டுகளை அள்ளுவார்கள்.

அந்தக் கார்த்திகையில் வேம்புலி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். வீட்டில் வெங்காயம், பூண்டு எல்லாம் நின்றுவிட்டன. ஒருநாள் சோறு போட்ட மனைவி கஸ்தூரி முகம் சுளித்தாள்.

“இன்னா சாமி, பூண்டு துன்னுட்டு வந்துகீற?”

“ஐயப்பன் மேல சத்தியமா இல்ல.”

“அப்ப வாயில இன்னா, மல்லிப்பூ வாசனையா?”

பஜனையில் குருசாமி எத்திராஜுக்கும் அந்த வாடை எட்டிவிட்டது. “விரதம் கெட்டு மல ஏறுனா புலி சும்மா உடாது சாமி. மாலைய கழட்டிடு.”

வேம்புலி கழற்றவில்லை, அதற்கும் பயம். வேப்பங்குச்சியால் ஈறு கிழியத் தேய்த்தார். வாடை கூடியது. தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது. நகங்களில் வெள்ளைக் கோடு விழுந்து, கட்டைவிரல் நகம் பெயர்ந்தே வந்துவிட்டது. சாமி குத்தம் என்று கஸ்தூரி மடிப்பிச்சை எடுக்கக் கிளம்பினாள்.

டீ நேரத்தில், அதே தொட்டியில் வேலை செய்யும் சுலைமானிடம் வேம்புலி சொல்லி அழுதார். சுலைமான் டீ குடிப்பதை நிறுத்தினார்.

“எங்க ஊட்லயும் இதே சண்டதான் அண்ணாத்தே. துன்னாத நாள்லயும் நாறுது. எனுக்கும் ஐயப்பனுக்கும் இன்னா தகராறு?”

நீட்டிய கையில் அதே வெள்ளைக் கோடு.

அன்றே வேம்புலி தொட்டி மருந்து டப்பாவின் மூடியோடு டாக்டரிடம் போனார். மூடியில் இருந்ததை டாக்டர் ‘செலினியஸ் அமிலம்’ என்று படித்தார். “இது உடம்புல சேர்ந்தா மூச்சுல பூண்டு வாடைதான் வரும். இனிமே அந்தத் தொட்டி பக்கமே போகாதீங்க. உயிருக்கே ஆபத்து.”

வீட்டில் இதைக் கேட்ட கஸ்தூரிக்குப் பயம் இன்னும் கூடியது. “சாமி கோச்சுக்கினா தேங்கா ஒடைக்கலாம். இதுக்கு இன்னாத்த ஒடைக்கிறது?”

மறுநாள் பட்டறை வாசலோடு வேம்புலியின் கால் நின்றுவிட்டது. உள்ளே ஸ்டவ் இரைந்தது. ஆவிக்குள் சுலைமானின் முதுகு மட்டும் தெரிந்தது.

“பாய், கைய எடு! வெளிய வா!”

“இரு அண்ணாத்தே, இந்த ஈடு முடிச்சுட்டு வரேன்.”

வேம்புலி கறுப்புத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சரணம் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.