தொண்டையில் வைத்த விரல்கள்

கல்யாணமான புதிதில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு இருந்த ஒரே காம்பராவில் ஏழு பேர் இருந்தோம். அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளை, நான், என் மனைவி. அவளோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச இடமில்லை. பெரியவர்கள் முன்னால் பேசினால் மரியாதையும் இல்லை. காலையில் திருநீறு பூசும்போது முருகனிடம் நான் கேட்டதெல்லாம் தனியாக ஒரு காம்பராதான்.

அந்தச் சமயம் தேயிலை ஃபெக்டரி ஆபிசில் டெலிபோனுக்கு ஆள் தேடினார்கள். அந்த வேலைக்கு ஆபிசுக்குப் பின்னால் ஒரு காம்பராவும் உண்டு. தோட்டத்தை நடத்தும் துரை, பங்களாவிலிருந்து டெலிபோனில் இங்கிலீஷில் பேசிப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார். நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் வாசிப்பேன். வாயில் வருவதெல்லாம் தமிழ்ச் சத்தம்.

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரைப் போய்க் கேட்டேன். எழுத்தை விட்டுவிட்டு வாயைக் கவனிக்கச் சொன்னார். நமக்கு ஒரே 'ப', அவர்களுக்கு இரண்டு. இரண்டுக்கும் உதடு ஒட்டித் திறக்கும். பேப்பர் என்னும்போது மூச்சு வெடித்து வரும், தொண்டை சும்மா இருக்கும். பங்களா என்னும்போது தொண்டை அதிரும். ஃபெக்டரிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட, காற்று உரசிக்கொண்டு வரவேண்டும். அங்கேயே தொண்டையும் அதிர்ந்தால் அது வேனுக்கான சத்தம்.

ஒரு கையில் கண்ணாடி. மறு கையில், உதட்டுக்கு முன்னால், ஒரு கடதாசித் துண்டு. மூச்சு வெடித்தால் அது ஆடவேண்டும். தொண்டையைப் பார்க்க மூன்றாவது கை இல்லை. அம்மாவிடம் விவரம் சொல்லி, மனைவியை எதிரில் உட்கார வைத்தேன். கொழுந்து பறித்துக் கறுத்துப்போன இரண்டு விரலை அவள் என் தொண்டையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப அதிருது. இப்ப இல்லீங்க" என்பாள்.

"அது என்னடி படிப்பு, தொட்டுத் தொட்டு?" என்றார் அண்ணி.

"இங்கிலீசு தொண்டையிலதான் இருக்காம் அக்கா" என்றாள் இவள், விரலை எடுக்காமல். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படியே இரண்டு மாதம், தினமும் சாயந்திரம். சரியாக வந்த பிறகும் சில நாள் வேண்டுமென்றே பிழையாகச் சொன்னேன். முருகன் மன்னிக்கட்டும்.

பேசிப் பார்க்கும் நாளில் ஆபிசிலிருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கரையா ரிசீவரை என்னிடம் கொடுத்தார். துரை ஒரு வார்த்தை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் விரல் இல்லாமல் எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, பழகினபடி ஒரு கையில் கடதாசித் துண்டைப் பிடித்து, மறு கை விரலைத் தொண்டையில் வைத்து, சுவரைப் பார்த்து வெகு சுத்தமாகச் சொன்னேன். ரிசீவரை மறுபடி எடுத்தபோது துரை லைனில் இல்லை.

"தொண்டை நோவெண்டால் டிஸ்பென்சரிக்குப் போ" என்றார் கிளாக்கரையா.

வேலை நானுஓயாப் பக்கத்து ஆள் ஒருவருக்குப் போனது. காம்பராவும் போனது. சாயந்திரம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"வேற எந்த வேலைக்கும் இங்கிலீசு கேக்க மாட்டாங்களாங்க?" என்று மெல்லக் கேட்டாள். குடத்தோடு யாரோ வரவும் விலகி நின்றுகொண்டாள்.

அதன் பிறகு கினிகத்தேனைக்கும் வலப்பனைக்கும் போய்வருகிறவர்களிடமெல்லாம், இங்கிலீஷ் பேசவேண்டிய வேலை எங்காவது உண்டா என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். எந்த வேலையானாலும் சரி, அதற்குப் படிக்க நாள் நிறைய ஆகவேண்டும்.