அத்தை ஏறினால் நிற்கும் வண்டி

எங்கள் வீட்டு மோட்டாருக்கு அத்தையைப் பிடிக்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் அம்மா. நாய்க்கு ஒருவரைப் பிடிக்கும், ஒருவரைப் பிடிக்காது. மோட்டாருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன். ஏழு வயசுக்காரி நம்பினாள், சரி. மீசை வைத்த ஆண்பிள்ளைகளும் அல்லவா நம்பினார்கள்! நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ராஜபாளையத்துக்கு ரயில் வராத காலம் அது. அப்பா பஞ்சு வியாபாரி. மலைத்தோட்டத்துத் துரை ஒருவன் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன பழைய மோட்டாரை வாங்கியிருந்தார். ஓட்டுவதற்குச் சேத்தூர்க்காரன் ஒருவன் இருந்தான். வண்டியின் கண்ணாடிக்கு முன்னால் பெட்ரோல் ஊற்றுகிற வாய். அதற்கு ஒரு பித்தளை மூடி. மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அந்த மூடிதான் வண்டியின் நெற்றி என்றும், பொட்டு வைக்கிற இடத்துக்கு அடையாளமாகத்தான் துரை அந்தத் துளையைப் போட்டு வைத்திருக்கிறான் என்றும் நான் முடிவு கட்டியிருந்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். இருபது வயது நிறைவதற்குள் புருஷனை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தாள். ஆண்பிள்ளை எங்கள் வம்சம் என்று புகுந்த வீட்டார் சொல்லி, மூன்று வயது மகனைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவளை மட்டும் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த அன்றே அவள் கையில் எங்கள் அடுப்படி ஒப்படைக்கப்பட்டது. பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஆட்களையும் சேர்த்து இரண்டு வேளையும் பதினைந்து பேருக்கு அவள்தான் சோறு பொங்கினாள். நல்லது கெட்டதுக்கு அவள் முன்னால் வரக்கூடாது. சோறு மட்டும் வரலாம். அது என்ன சாஸ்திரமோ!

மகனைப் பார்த்துவர அவளை இரண்டு தடவை அனுப்பினார்கள். தாலியறுத்தவள் ஏறுகிற வண்டிக்குத் தோஷம் வந்துவிடக் கூடாதே என்று, அந்த நாள்களில் மட்டும் அம்மா சந்தனம் அரைத்து வைப்பாள். கன்னிப்பெண் கையால் வைத்தால் விசேஷம் என்று என்னை ஏவுவாள். நான் அந்தத் துளைக்கு நேரே சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்பேன். இரண்டு தடவையும் வண்டி பாதி வழியில் மூச்சு முட்டினாற்போலச் செருமி நின்றது. முதல் தடவை அவள் போய்ச் சேர்ந்து அரைமணி நேரம்தான் மகனோடு இருக்க முடிந்தது. இரண்டாவது தடவை, தூங்கிக்கொண்டிருந்தவனைப் போர்வையோடுதான் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் சேத்தூர்க்காரன் வண்டியை ஈரத்துணியால் துடைத்துவிடுவான். அப்பா ஏறிப் போவார். வண்டி ஒரு தும்மல் இல்லாமல் ஓடும். "பாத்தியா? அவ ஏறுனாத்தான் வண்டிக்குப் பிராணன் போகுது" என்று அம்மா சொன்னாள். அடுத்த தடவைக்குச் சந்தனத்தை இன்னும் கெட்டியாக அரைத்தாள்.

அந்த அடுத்த தடவை வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அத்தையின் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அத்தையை மகனோடேயே வைத்துக்கொள்வது என்று முடிவாகி, அழைத்துப்போக அவளுடைய சின்ன மாமனாரே வந்தார். முதல்நாள் பூராவும் அத்தை சிரித்துக்கொண்டே வேலை செய்தாள். தகரப் பெட்டியை மூன்று முறை திறந்து மூடினாள். அவள் போகக்கூடாது என்று நான் அழுது புரண்டேன். என் வாயை அடைக்க என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். கொண்டுபோய் விட அப்பாவும் கூட வந்தார். ஏறுவதற்கு முன் மறக்காமல் பொட்டு வைத்தேன்.

மூன்று மைல் தாண்டிக் கண்மாய்க்கரையில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினோம். சேத்தூர்க்காரன் பித்தளை மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தான். பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. மூடியைப் போட்டு, முன்பக்கம் போய்க் கைப்பிடியைச் சுற்றினான். உடனே உயிர் வந்துவிட்டது. "அந்தப் புள்ள கீழ எறங்குனதும் கெளம்பிருச்சே" என்று சின்ன மாமனார் மெதுவாகச் சொன்னார். அத்தை மறுபடி ஏறி ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், வலித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் நன்றாகத் தெரிகிற இடத்தில் மறுபடி செருமல், மறுபடி நின்றது. இந்த முறை சின்ன மாமனார் இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்யா. இரும்பே இவள வேண்டாங்குது. எங்க வீட்டுல இன்னும் ஒரு ஆம்பள உசுரு மிச்சம் இருக்கு. அதையும் நான் பறிகுடுக்க ஏலாது."

சொந்த மகன் உயிருக்கு இவள் எமனாம். அந்த மனிதர் கோபுரத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினார்.

சேத்தூர்க்காரன் அடியில் படுத்துப் பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றினான். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. ஊதிப் பார்த்தான், அடைப்பு இல்லை. அந்த நேரம் பார்த்துச் சீமெண்ணெய்த் தகரங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ராவுத்தர் ஒருவர் வந்தார். ராஜபாளையத்துக் கடைகளுக்கெல்லாம் எண்ணெய் போடுகிறவர். இறங்கி வந்து விசாரித்தார்.

"உள்ள பெட்ரோல் இருக்கு, குழாயில வர மாட்டேங்குது" என்றான் சேத்தூர்க்காரன்.

ராவுத்தர் பித்தளை மூடியைத் திருகினார். உஸ் என்று ஒரு சத்தம். கீழே ஒரு முனை கழன்று தொங்கிய குழாயிலிருந்து பெட்ரோல் கொடகொடவென்று ஊற்றியது. சேத்தூர்க்காரன் பாய்ந்து அதை மறுபடி மாட்டினான். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். ஓரத்து உடைமரத்தில் ஒரு முள் ஒடித்து, துளையைக் குத்தி ஊதினார்.

"சீமெண்ணெய்த் தகரத்துல ஒத்த ஓட்டை போட்டா எண்ணெய் எறங்குமா அண்ணாச்சி? காத்து போக எதுத்தாப்புல இன்னொண்ணு போடணும்லா? இதுக்கும் அதே கததான். காத்து போற ஓட்டைய அடச்சுட்டா அது எங்கிட்டு ஓடும்? மூடியத் தொறந்தா செத்த நேரம் ஓடும், பொறவு நிக்கும். இதுல சந்தனத்த அப்புனது யாரு?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை முன்னால் வந்துவிட்டாள். அப்பாவுக்கு எதிரே நின்று அவள் பேசி நான் கண்டதில்லை.

"அண்ணே, கேட்டியளா? என்னால இல்லண்ணே! அவிய இன்னும் தூரம் போகல, அந்தா தெரியுதாவ. வண்டிய விடச் சொல்லுங்க. இவரையும் கூட்டிக்கிட்டுப் போய்ச் சொல்லிருவோம். எம் புள்ளைட்ட என்னைய விட்டுருங்கண்ணே."

ராவுத்தரும் "வாரேன் தாயி, நான் சொல்லுதேன்" என்றார்.

அப்பா மூடியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். சின்ன மாமனாரின் வெள்ளைத் துண்டு அப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

"எம் பொண்டாட்டி அரச்ச சந்தனத்துலதான் வண்டி நின்னுதுன்னு நானே போய்ச் சொல்லவா? ஊர் சிரிக்கும். ஏலே, வண்டியத் திருப்புலே. இங்க நடந்தத எவன்கிட்டயாவது சொன்ன, தொலச்சுப்புடுவேன்."

அவருடைய கௌரவம் போய்விடுமாம்! சொல்லாத காரணம் இன்னொன்று உண்டு என்று பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அம்மா அப்போது ஆறு மாதம். அத்தை போய்விட்டால் பதினைந்து பேருக்குச் சோறு பொங்க யார் இருக்கிறார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூர் ஏழு மைல்தான். ஒரு காலைப் பொழுதில் நடந்துவிடலாம். அவளோடு நடக்கத்தான் ஆளில்லை.

வண்டி வீடுவரை எங்குமே நிற்கவில்லை. அத்தை உள்ளேதான் இருந்தாள். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "சந்தனமா அடச்சது? அவ தலையெழுத்துல்லா அடச்சது" என்றாள். இப்படிப்பட்டவர்களிடம் ராவுத்தர் என்ன, பிரம்மாவே வந்து முள்ளால் குத்திக் காட்டினாலும் ஆகாது.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அத்தை போகவில்லை, போகாமல் செய்தது என் கை. சாயங்காலம் அவள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, பெருமை தாங்காமல் சொன்னேன்.

"அத்தை, சந்தனம் அப்புனது நான்தான். இனிமே உங்கள யாரும் கூட்டிட்டுப் போக முடியாதுல்லா?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. "ஏட்டி, எந்திரிச்சு நில்லு" என்றாள். நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவன் இப்ப எம்புட்டு ஒசரம் இருப்பான்?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் அவனைப் பார்த்ததே இல்லை. வெளியே பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விட்டால் போதுமென்று, என் தோளுக்குக் கீழே கைக்கு வந்த இடத்தில் வைத்து "இம்புட்டு" என்று சொல்லிவிட்டு, பின்னாத சடையோடு ஓடினேன்.

அதற்குப் பிறகு, வேலை ஓய்ந்த நேரங்களில், அடுப்படிச் சுவரில் அந்த உயரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அத்தை நிற்பாள். அங்கே எண்ணெய்க்கறை படிந்தது. அம்மா ஏசி ஏசிச் சுண்ணாம்பு அடித்தாள். அடுத்த வருஷம் கறை நாலு விரல் மேலே வந்தது, அதற்கடுத்த வருஷம் இன்னும் மேலே. "அத்தை சுவத்துக்கு எண்ணெய் தேச்சு விடுதாவ" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேலி செய்தேன். வீடே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்.